நடு எண்ணைப் பிடியுங்கள்: அடுத்தடுத்த எண்கள் பற்றி ஒரு பாடம்



இம்முறை பாடப் பக்கத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம் அடுத்தடுத்த எண்கள். க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளில் சமன்பாடு, கூட்டல் விருத்தி என்று பல உருவத்தில் தலைகாட்டும் விடயம் இது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் சின்னப் பிள்ளைகளுக்கும் உதவும். ஆனால் இந்தப் பாடம் எங்களுக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை. புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்தில், எத்தாளை என்ற ஊரில், தெருவோரத்துத் தென்னை நிழலில் கிடைத்தது.

ஆகஸ்ட் மாதத்தில் தலவில்லு புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மலைநாட்டிலிருந்தும் சனங்கள் போவது உங்களுக்குத் தெரியும். நாங்களும் ஒரு தோட்டத்துக் குடும்பங்களோடு பஸ்ஸில் போயிருந்தோம். கோயில் முடிந்ததும், வந்தது வந்தோம் கற்பிட்டியையும் பார்த்துவிடுவோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தப் பயணத்தில் எத்தாளைப் பக்கம் பஸ் டயரில் காற்றுப் போய்விட்டது. டயர் மாற்றும் வரைக்கும் எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம். மணல் நிலம், வெங்காயப் பாத்தி, மிளகாய்த் தோட்டம், உப்புக் காற்று. மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே புதினம்.

சும்மா இருப்பானேன் என்று பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போட்டோம். வழிநெடுகக் கிலோமீற்றர் கற்களை அவர்கள் எண்ணிக்கொண்டு வந்ததால் அதையே கேட்டோம்: "அடுத்தடுத்து இருக்கிற மூன்று கிலோமீற்றர் கற்களின் இலக்கங்களைக் கூட்டினால் 66. அவை எந்தெந்தக் கல்?"

பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை உடனே பேனையை எடுத்தாள். முதல் கல்லை x என்று வைத்தாள். மற்ற இரண்டையும் x + 1, x + 2 என்று எழுதினாள். அதுவரை நல்ல தொடக்கம். கூட்டி 3x + 3 = 66 என்றும் எழுதிவிட்டாள். அடுத்த வரியில் 3x ஐயும் 3 ஐயும் ஒன்றாகச் சேர்த்து 6x = 66 என்று போட்டாள். x = 11 என்று வந்தது. 11, 12, 13 ஐக் கூட்டிப் பார்த்தால் 36 தான். பேனையை மூடிவிட்டாள்.

"எனக்குக் கணக்கு வராது சேர். ஓ.எல். எழுதினாலும் கணக்குலதான் விழும். கொழும்புக்கு வேலைக்குப் போறதாத்தான் இருக்கேன்" என்றாள்.

பக்கத்தில் அவளுடைய அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுப்பவர். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மெதுவாகக் கேட்டார்: "சேர், நடுக்கல்லு இருபத்திரெண்டா?"

எப்படிச் சொன்னீர்கள் அக்கா என்று கேட்டோம்.

"அறுபத்தாற மூணு பேருக்குப் பங்கு போட்டேன். ஆளுக்கு இருபத்திரெண்டு வருது. ஆனா மூணு கல்லும் ஒரே நம்பரா இருக்க ஏலாதே. அதான் முன்னுக்கு உள்ளவகிட்ட ஒன்ன எடுத்துப் பின்னுக்கு உள்ளவகிட்டக் குடுத்தேன். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு."

சரியான விடை. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் வாய் அடைத்துப்போயிற்று. எழுத்துக் கணக்கில் மகள் தவறிய இடத்தை, அம்மா பங்கு போடும் கணக்கால் தாண்டிவிட்டார். அந்த அம்மா காட்டிய வழியைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

அடுத்தடுத்த எண்கள் என்றால் என்ன?

ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும் நிறைவெண்களே அடுத்தடுத்த எண்கள். 7, 8, 9 என்பவை அடுத்தடுத்த எண்கள். 7, 9, 12 அப்படியல்ல. இவை நமக்குப் புதியவையல்ல. லயத்துக் காம்பரா இலக்கங்கள் 1, 2, 3 என்று போகின்றன. மலைகளுக்கும் ஐந்தாம் நம்பர் மலை, ஆறாம் நம்பர் மலை என்றுதான் பெயர். சுவரில் தொங்கும் கலண்டரில் திகதிகளும் அப்படியே.

நிறைவெண்கள் பூச்சியத்தோடு முடிவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே −1, −2, −3 என்றும் போகின்றன. ஆகவே −1, 0, 1 என்பவையும் அடுத்தடுத்த எண்கள்தான். இதை மறப்பதால் சோதனையில் புள்ளி போகும். கீழே அதற்கு உதாரணம் வருகிறது.

நடு எண் வழி

மூன்று அடுத்தடுத்த எண்களில் நடு எண்ணை x என்று வையுங்கள். முன்னுள்ளது x − 1, பின்னுள்ளது x + 1. கூட்டினால் −1 உம் +1 உம் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது 3x. ஆகவே

3x = 66
x = 22

எண்கள் 21, 22, 23. அந்த அம்மா செய்ததும் இதுவேதான். எடுத்த ஒன்று −1, கொடுத்த ஒன்று +1. அவர் x என்று எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளின் வழியிலும் பிழை இல்லை. 3x + 3 = 66 என்றால் இரண்டு பக்கத்திலும் 3 ஐக் கழிக்க வேண்டும். 3x = 63, x = 21. அதே விடை. அவள் தடுக்கிய இடம் 3x + 3 ஐ 6x ஆக்கியதுதான். மூன்று கூடைக் கொழுந்தையும் மூன்று கிலோ கொழுந்தையும் சேர்த்து ஆறு கூடை என்று யாராவது சொல்வார்களா? கூடையில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாத வரைக்கும் அவை வேறு வேறு. x என்பது நிறை தெரியாத கூடை. இதை மட்டும் மனதில் வைத்தால் இந்தப் பிழை வராது.

நடு எண் வழியில் கூட்டும் வேலை குறைவு, பிழையும் குறைவு. ஐந்து எண்கள் என்றாலும் அப்படியே. ஐந்து அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 95 என்றால், 95 ஐ ஐந்தால் வகுக்க 19. எண்கள் 17, 18, 19, 20, 21.

இந்தக் கணக்கை வீட்டிலும் பாவிக்கலாம். ஐந்து நாள் எடுத்த கொழுந்து 17, 18, 19, 20, 21 கிலோ என்று கையில் குறித்து வைத்திருந்தால், ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. நடுவில் உள்ளது 19, ஐந்து தரம் 95. பதிவில் 93 என்று இருந்தால் இரண்டு கிலோ எங்கே போனது என்று அன்றைக்கே மரியாதையாகக் கேட்கலாம். கழிவு என்று சொன்னால் என்ன கழிவு என்று கேட்கலாம். கைநாட்டு வைத்த காலத்தில் நம்முடைய பாட்டிமாருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வழி இருக்கவில்லை. நாள் கணக்கு ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகாது என்பது உண்மைதான். 18, 20, 17, 21, 19 என்று முன்பின்னாக விழுந்தாலும் இதே எண்கள்தானே? வரிசைப்படுத்திப் பார்த்தால் நடு எண் தெரிந்துவிடும்.

நடு இல்லாத இடத்தில்

எண்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் நடுவில் ஒருவர் இருப்பார். இரட்டையாக இருந்தால்? நாலு பேர் வரிசையில் நின்றால் நடுவில் ஆள் இல்லை, இடைவெளிதான் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

நான்கு அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 66 என்று கேட்டால், 66 ஐ நாலால் வகுக்க 16.5. இந்த அரைதான் நடு இடைவெளி. அதற்கு முன்னே 16, 15. பின்னே 17, 18. கூட்டிப் பாருங்கள்: 15 + 16 + 17 + 18 = 66.

அதே 66 தான் மூன்று எண்ணுக்கும் நாலு எண்ணுக்கும் வந்திருக்கிறது. இன்னுமொன்று பாருங்கள். 66 ஐ 11 ஆல் வகுக்க 6. ஆகவே 6 ஐ நடுவில் வைத்துப் பதினொரு எண்கள்: 1, 2, 3 என்று தொடங்கி 11 வரைக்கும். அவற்றின் கூட்டுத்தொகையும் 66.

இதிலிருந்து ஒரு நல்ல சோதிப்பு கிடைக்கிறது. மூன்று அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் மூன்றின் மடங்காகத்தான் இருக்கும். ஐந்து எண்களின் கூட்டுத்தொகை ஐந்தின் மடங்கு. நாலு எண்கள் என்றால் நாலால் வகுக்கும்போது சரியாக அரை மிஞ்ச வேண்டும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒற்றை எண். மூன்று எண்களைக் கூட்டி 100 வருகிறது என்று யாராவது சொன்னால், எழுதிப் பார்க்காமலே அது நடக்காது என்று சொல்லிவிடலாம்.

ஒற்றை எண்கள், இரட்டை எண்கள்

"அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 51" என்று கேள்வி வரும். இங்கே பல பிள்ளைகள் x, x + 1, x + 2 என்று எழுதிவிடுகிறார்கள். 7 க்கு அடுத்த ஒற்றை எண் 8 அல்ல, 9. ஆகவே இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும்: x − 2, x, x + 2. கூட்டினால் மறுபடியும் 3x தான். 51 ஐ மூன்றால் வகுக்க 17. எண்கள் 15, 17, 19.

இரட்டை எண்களுக்கும் இதே மாதிரி x − 2, x, x + 2 தான். "ஒற்றை எண் என்றால் x + 1, x + 3 என்றுதானே எழுத வேண்டும்?" என்று சில பிள்ளைகள் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். தேவையில்லை. இரண்டு ஒற்றை எண்ணுக்கு இடையில் எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் இரண்டு இரட்டை எண்ணுக்கும் இடையில்.

கலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்தால் ஏழு ஏழாகக் கூடும். அப்போது x − 7, x, x + 7. தூரம் எவ்வளவானாலும் சமமாக இருக்கும் வரைக்கும் நடு எண் வழி வேலை செய்யும்.

பூச்சியத்துக்குக் கீழே

"மூன்று அடுத்தடுத்த நிறைவெண்களின் கூட்டுத்தொகை −15" என்றால் வழி மாறாது. −15 ஐ மூன்றால் வகுக்க −5. முன்னுள்ளது −6, பின்னுள்ளது −4. எண்கள் −6, −5, −4. முன்னுள்ளது −4 என்று எழுதிவிடாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே போகப் போக எண் சிறிதாகிறது. ஆறாயிரம் கடன் உள்ளவர் நாலாயிரம் கடன் உள்ளவரை விடக் கீழே இருக்கிறார் அல்லவா? அப்படித்தான்.

பெருக்கிச் சொன்னால்

"இரண்டு அடுத்தடுத்த நிறைவெண்களின் பெருக்கம் 132." இது இருபடிச் சமன்பாட்டில் வரும் கணக்கு.

x(x + 1) = 132
x² + x − 132 = 0
(x + 12)(x − 11) = 0

ஆகவே x = 11 அல்லது x = −12. முதல் விடை 11, 12. இரண்டாம் விடை −12, −11. மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வரும். எனவே இரண்டும் சரி. 11, 12 என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி விடைதான். கேள்வியில் "நேர் நிறைவெண்கள்" என்று இருந்தாலோ, வயது, நீளம், ஆட்களின் தொகை என்று கேட்டிருந்தாலோ மட்டும் மறை விடையைத் தள்ளிவிடலாம். தள்ளுவதானாலும் ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

காரணி கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தால் இங்கேயும் நடுவைப் பிடிக்கலாம். ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு எண்களைப் பெருக்கித்தான் 132 வந்திருக்கிறது. 11 ஐ 11 ஆல் பெருக்க 121. 12 ஐ 12 ஆல் பெருக்க 144. 132 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 11 உம் 12 உம்.

நீண்ட வரிசையும் ஓர் ஏழைப் பையனும்

மாதத்தின் முதலாம் நாள் 1 ரூபா, இரண்டாம் நாள் 2 ரூபா என்று முப்பதாம் நாள் 30 ரூபா வரைக்கும் உண்டியலில் போட்டால் மொத்தம் எவ்வளவு? முதலாம் நாளையும் கடைசி நாளையும் சேருங்கள்: 31. இரண்டாம் நாளையும் 29 ஆம் நாளையும் சேருங்கள்: அதுவும் 31. இப்படி 15 சோடிகள். 31 × 15 = 465 ரூபா. நடு வழியில் பார்த்தால் நடு 15.5, முப்பது தரம் 465. இரண்டும் ஒன்றே.

கணித உலகில் பெரும் பெயர் பெற்ற காவுஸ் சிறு பையனாகப் பள்ளியில் இருந்தபோது, நீண்ட எண் வரிசையொன்றைக் கூட்டச் சொன்ன ஆசிரியரிடம் ஒரு நொடியில் விடையைக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1 முதல் 100 வரைக்கும் என்று இப்போது சொல்வார்கள். 101 ஐ 50 ஆல் பெருக்க 5050. இந்தச் சோடி சேர்க்கும் முறைதான் அது.

காவுஸ் ஜேர்மனியில் கூலி வேலை செய்த தகப்பனுக்குப் பிறந்தவர். தோட்ட வேலை, கொத்து வேலை என்று கிடைத்ததைச் செய்தவர் தகப்பன். தாய் எழுத அறியாதவர். பிள்ளை பிறந்த திகதியை அவர் எங்கும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அது ஒரு புதன்கிழமை, ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்தி என்று நினைவில் வைத்திருந்தார். வளர்ந்த மகன் அதைப் பிடித்துக்கொண்டு நாட்களை எண்ணினார். 1777 இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 30. அதிலிருந்து 39 ஆம் நாள் விண்ணேற்றத் திருநாள், மே 8. அதற்கு எட்டு நாள் முந்தி ஏப்ரல் 30. அதுவே அவருடைய பிறந்த நாள். தாயின் ஞாபகமும் மகனின் கணக்கும் சேர்ந்து கிடைத்த திகதி அது. நம்முடைய லயங்களிலும் "தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பொறந்தான்" என்று சொல்லும் ஆத்தாமார் இருக்கிறார்கள். அது வெறும் பேச்சல்ல, கணக்குக்கு வேண்டிய தரவு.

இராமானுஜனும் வீட்டு இலக்கமும்

கடைசியாக ஒரு தமிழரின் கதை. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 ஆம் திகதி பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். தகப்பன் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கணிதத்தில் சிறந்து விளங்கியும் மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல் போனவர் இவர். 1914 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் ஒரு புதிர் வந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நகரத்தில் ஒரு நீண்ட தெரு. ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று அடுத்தடுத்து இலக்கம். ஒருவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மறுபக்கம் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50 க்கு மேல், 500 க்குக் குறைவு. அவருடைய வீட்டு இலக்கம் என்ன?

பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். அவர் சில நிமிடம் முயன்று விடையைக் கண்டுபிடித்துவிட்டு, இராமானுஜனிடம் புதிரை வாசித்துக் காட்டினார். இராமானுஜன் அடுப்பில் மரக்கறி கிண்டிக்கொண்டிருந்தார். கிண்டிக்கொண்டே "எழுதிக்கொள்ளுங்கள்" என்று விடையைச் சொன்னார். ஒரு தெருவுக்கான விடையை மட்டுமல்ல, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் வழியையே சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன வழி பெரிய படிப்புக்குரியது. ஆனால் புதிரை நம்முடைய லயத்துக்குக் கொண்டு வரலாம். எட்டுக் காம்பரா உள்ள லயத்தை எடுங்கள். ஆறாம் காம்பராவில் இருப்பவர் இடப்பக்கம் பார்த்தால் 1 + 2 + 3 + 4 + 5 = 15. வலப்பக்கம் பார்த்தால் 7 + 8 = 15. சமம்!

ஏன் ஆறு? அந்தக் காம்பராவின் இலக்கம் x என்போம். இடப்பக்கம் 1 முதல் x − 1 வரைக்கும். சோடி முறைப்படி அதன் கூட்டுத்தொகை x(x − 1) இல் பாதி. வலப்பக்கமும் அதேயளவு. இரண்டு பாதியும் சேர்ந்தால் x(x − 1). அதோடு சொந்தக் காம்பராவின் x ஐயும் சேர்த்தால் x². ஆகவே எல்லாக் காம்பரா இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒரு சதுர எண்ணாக இருக்க வேண்டும். எட்டுக் காம்பராவுக்கு மொத்தம் 36. அது 6 × 6. அதனால்தான் ஆறு. பத்துக் காம்பரா லயத்துக்கு மொத்தம் 55. அது சதுர எண் அல்ல. அந்த லயத்தில் இப்படி ஒரு காம்பரா கிடையாது.

லூவேன் தெருவில் வீடுகள் 288. மொத்தம் 288 × 289 இல் பாதி, அதாவது 144 × 289. 144 என்பது 12 × 12. 289 என்பது 17 × 17. ஆகவே வீட்டு இலக்கம் 12 × 17 = 204. உலகம் வியந்த ஒரு புதிரின் விடையை இப்போது பத்தாம் தரப் பிள்ளையும் சரிபார்த்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"நாங்க படிக்காதவங்க, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று பல அம்மாமாரும் அப்பாமாரும் எங்களிடம் சொல்கிறார்கள். எத்தாளையில் நாங்கள் பார்த்தது அதற்கு மறுமொழி. சீட்டுப் பிடிக்கிறீர்கள், அரிசி பங்கிடுகிறீர்கள், பேர் எத்தனை விழுந்தது என்று மனதில் கணக்கு வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் கணக்கு இருக்கிறது. பிள்ளையிடம் எழுத்து இருக்கிறது. இரண்டும் ஒரே பாயில் உட்கார வேண்டும். பிள்ளை கணக்குச் செய்யும்போது பக்கத்தில் இருந்து "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். சொல்லப்போனால் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கணிதத்தில் சித்தியில்லை என்றால் உயர்தரத்துக்கும், பயிற்சிகளுக்கும், அரசாங்க வேலைகளுக்கும் போகும் பல வழிகள் அடைபட்டுப் போகின்றன. "எனக்குக் கணக்கு வராது" என்று பதினைந்து வயதில் ஒரு பிள்ளை சொல்வது சாதாரணமாக விடக்கூடிய பேச்சல்ல. அந்தப் பிள்ளைக்கு வராமல் போனது கணக்கு அல்ல, ஒரே ஒரு வரி. 3x + 3 என்ற வரி.

டயர் மாற்றி முடிந்து பஸ் கிளம்பியபோது அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கற்பிட்டி போய்ச் சேரும் வரைக்கும் மகள் கணக்குக் கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மா வாயாலும் மகள் பேனையாலும் செய்தார்கள். சில கணக்கில் அம்மா முந்தினார். பெருக்கல் கணக்கு வந்ததும் மகள் முந்தினாள். "இது எனக்கு ஏலாதும்மா, நீயே சொல்லு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. மூன்று அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 84. எண்கள் எவை?

2. ஐந்து அடுத்தடுத்த இரட்டை எண்களின் கூட்டுத்தொகை 100. எண்கள் எவை?

3. நான்கு அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 50. எண்கள் எவை?

4. மூன்று அடுத்தடுத்த ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை −21. எண்கள் எவை?

5. இரண்டு அடுத்தடுத்த நிறைவெண்களின் பெருக்கம் 240. எல்லா விடைகளையும் எழுதுக.

6. ஒரு மாதத்தில் தொடர்ந்து வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைத் திகதிகளின் கூட்டுத்தொகை 45. திகதிகள் எவை?

7. ஒரு தெருவில் 49 வீடுகள். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வரும் வீடு எது?

8. கெட்டிக்காரருக்கு: 64 ஐ இரண்டோ அதற்கு மேலோ அடுத்தடுத்த நேர் நிறைவெண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? முடியாவிட்டால் ஏன்?

விடைகள் (முதலில் செய்து பார்த்துவிட்டு வாசியுங்கள்)

1. 27, 28, 29.

2. நடு எண் 20. எண்கள் 16, 18, 20, 22, 24.

3. நடு 12.5. எண்கள் 11, 12, 13, 14.

4. −9, −7, −5.

5. 15, 16 அல்லது −16, −15.

6. 8, 15, 22.

7. மொத்தம் 49 × 25. ஆகவே 7 × 5 = 35 ஆம் வீடு.

8. முடியாது. எண்களின் எண்ணிக்கை ஒற்றையானால் அந்த எண்ணிக்கையே கூட்டுத்தொகையின் காரணி. இரட்டையானால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்து ஓர் ஒற்றை எண்ணாகும், அது காரணியாக வரும். எப்படியும் 1 ஐ விடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி வேண்டும். 64 இன் காரணிகள் 1, 2, 4, 8, 16, 32, 64. அப்படியொன்று அதில் இல்லை.